கீழ் இமையை இழுத்துப் பார்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய சேதி படித்து ரொம்ப சந்தோஷம். இங்கே சம்பா அறுவடை முடிந்து உளுந்து முளைத்து நிற்கிறது. சரி, அதெல்லாம் இருக்கட்டும். தங்கச்சியைப் பற்றி நீ எழுதிய நாலு வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. நடவுக்குப் போனால் பாதியில் வரப்பில் உட்கார்ந்துவிடுகிறாள், நெஞ்சு படபடக்கிறது, அரிசி புடைக்கும்போது முறத்திலிருந்து அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறாள் என்கிறாய். வயசாகிறது என்று வீட்டில் சொல்கிறார்களாம். நாற்பத்து மூன்று ஒரு வயசா?

இதே கதை என் வீட்டிலும் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரி காமாட்சிக்கு முற்றம் பெருக்கினாலே மூச்சு வாங்கியது. டவுனில் ஒரு டாக்டரிடம் நாலு மாதம் டானிக் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் தேறுவாள், மறுபடி படுத்துவிடுவாள். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டரம்மா அவளை ஜன்னல் பக்கம் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. நகங்கள் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும்போல இருந்தன. தினமும் அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றவன் நான், ஒருநாளும் கவனிக்கவில்லை.

“வெறுங்காலோடு கொல்லைக்குப் போவீங்களா? பாதத்துல அரிப்பு வந்துச்சா?” என்று கேட்டார். வந்திருந்தது. சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசிவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 6.4, கடுமையான ரத்தசோகை. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை.

மலம் கலந்த ஈர மண்ணில் அந்த முட்டை பொரியும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சு பாதத் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்கி, சிறுகுடலைக் கவ்விக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். ஒரு புழு ஒரு நாளைக்கு எடுப்பது சில துளிக்கு மேல் இருக்காது. ஆனால் நூறு புழு வருஷக்கணக்கில் குடித்தால் உடம்பில் என்ன மிஞ்சும்? வயிற்றுவலிகூட இல்லாமலே இதெல்லாம் நடந்துவிடும், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பூச்சி என்றாலே நமக்குப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வரும். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்தால் கீரிப்பூச்சி, மலத்தில் மண்புழு மாதிரி நீளமாக விழுந்தால் நாக்குப்பூச்சி என்று கண்டுபிடித்துவிடுவோம். கன்னத்தில் வெள்ளைத் தேமல் வந்தாலும் பூச்சி என்போமே, அதற்கும் புழுவுக்கும் சம்பந்தமே இல்லையாம். 2015 முதல் குடற்புழு நீக்க நாள் என்று மாத்திரை கொடுக்கிறார்கள், அதுவும் முக்கியமாக 1 முதல் 19 வயசுப் பிள்ளைகளுக்குத்தான். நடவு நடுகிற பொம்பளை களைத்துப் போனால் பூச்சி என்று யாருக்குத் தோன்றுகிறது?

தங்கச்சிக்கும் இதேதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மாதவிலக்கில் அதிகம் போனாலும் ரத்தம் குறையும், அதை அவள் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். ரத்தம், மலம் இரண்டையும் சோதிக்கச் சொல். ஒரு தடவை மலத்தில் முட்டை தெரியாவிட்டால் இல்லை என்று விட்டுவிடாதே, மறுபடி கொடுக்கச் சொல். காமாட்சிக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே மாத்திரைதான் கொடுத்தார்கள். புழு போய்விட்டாலும் போன ரத்தம் தானாகத் திரும்பாது. நாலு மாதம் இரும்புச்சத்து மாத்திரை விடாமல் சாப்பிட்டாள். அதோடு டீ குடிக்கக் கூடாது என்றதும் முதலில் முகத்தைச் சுளித்தாள், அப்புறம் பழகிவிட்டது. இப்போது ஹீமோகுளோபின் 11.2.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். போனதும் அவளைத் திண்ணையில் வெளிச்சம் படுகிற இடத்தில் உட்காரவைத்துக் கீழ் இமையை இழுத்துப் பார். சனிக்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு, கடிதம் வேண்டாம்.

உன்
கணேசன்