வெளிநாட்டில் பதித்த பல்லுக்கு ஊரில் பராமரிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாழைச்சேனை முதல் அக்கரைப்பற்று வரையான எமது கரையோர ஊர்களிலிருந்து, இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் இம்பிளான்ட் எனும் உலோகச் செயற்கை வேரைப் பதித்துக்கொள்வதற்காகச் சென்னைக்கும் மதுரைக்கும் செல்வோர் கூடிவருவதை, பாடசாலைப் பற்சிகிச்சையாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற நான் கவனித்து வருகிறேன். கோயில் திருவிழாக் காலத்தில் ஊர் வரும் புலம்பெயர்ந்த உறவினர்களும் இதே சிகிச்சையை இங்கு, கொழும்பில், அல்லது இந்தியாவில் எங்கே மலிவாகச் செய்யலாம் என்று விசாரிக்கிறார்கள். போவோரிடம் நான் குறை காணவில்லை. கனடாவின் அரச பற்சிகிச்சைத் திட்டத்தில் இம்பிளான்ட் அடங்காது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை மிக அரிதான மருத்துவக் காரணங்களுக்கே அதைச் செய்கிறது. ஒஸ்திரியர்கள் ஹங்கேரிக்கும், அமெரிக்கர்கள் மெக்சிக்கோவின் எல்லை ஊரான லொஸ் அல்கொடோனெசுக்கும் பல் கட்டச் செல்வது பல்லாண்டு வழக்கம். செலவைத் தாங்க முடியாதவர் வேறிடம் தேடுவது நியாயமே.

என் கவலை, அவர்கள் திரும்பி வந்த பின்னர் நடப்பதைப் பற்றியது.

இந்தச் சிகிச்சை எலும்பின் வேகத்திலேயே நடக்கும். சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்போடு டைட்டேனியம் என்ற உலோகம் பிரிக்க முடியாதபடி இணைந்துவிடுவதை 1950களில் கண்டு, 1965 இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் அதைப் பதித்தார். அவர் வகுத்த முறையில், கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் அளவில் காத்திருந்த பின்னரே மேலே பல் பூட்டப்பட்டது. இன்று எலும்பு உறுதியாக உள்ள சிலருக்கு உடனடியாகவே தற்காலிகப் பல் பொருத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பல் கழற்றிப் பல ஆண்டுகள் சென்றபின் எலும்பு தேய்ந்து மெலிந்துபோனவருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. அவருக்கு முதலில் எலும்பு நிரப்ப வேண்டியிருக்கும், அதற்கும் தனியாக மாதங்கள் தேவை. ஆகவே, ஒரே பயணத்தில் ஒரு வாரத்தில் எல்லாம் முடியும் என்று, வாயின் எக்ஸ்ரேயைக்கூடப் பாராமல் தொலைபேசியில் வாக்களிக்கும் முகவரை நம்ப வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் பயணத்தின் விமானச் சீட்டு, தங்குமிடம், துணைக்கு வருபவரின் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

எனக்கு நன்கு தெரிந்த அம்மையார் ஒருவர் வெளிநாட்டுத் தனியார் கிளினிக் ஒன்றில் கீழ்க் கடைவாயில் இரண்டு பற்கள் பதித்து வந்தார். வேலை சுத்தமாகவே செய்யப்பட்டிருந்தது. சில காலத்தின் பின் ஒரு பல் ஆடத் தொடங்கியது. எலும்பில் இருந்த பகுதி உறுதியாக இருந்தது. அதையும் மேலுள்ள பல்லையும் இணைக்கும் சிறு திருகாணி மட்டுமே தளர்ந்திருந்தது. உரிய சாவி இருந்தால் ஒரே அமர்வில் இறுக்கிவிடக்கூடிய கோளாறு அது. ஆனால் ஸ்ட்ரோமன், நோபல் பயோகேர், ஒஸ்டெம் என ஒவ்வொரு நிறுவனத்தின் இம்பிளான்ட்டுக்கும் இணைப்பின் வடிவமும் திருகாணியின் அளவும் வேறுபடும். அவரிடம் இருந்ததோ பணம் கட்டிய பற்றுச்சீட்டு மட்டுமே. அதில் நிறுவனத்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை. இங்குள்ள பல் வைத்தியர்கள் உதவ மனமிருந்தும் கைவைக்கத் தயங்கினார்கள். பதித்த கிளினிக், நேரில் வாருங்கள் என்று ஒரு வரியில் பதில் அனுப்பியது. கடைசியில் கொழும்பில் ஒரு நிபுணர் எக்ஸ்ரேயில் தெரிந்த உருவத்தை வைத்து அது எந்த வகை என்று கண்டுபிடித்த பின்னரே திருகாணி இறுக்கப்பட்டது. அதுவரை அந்த அம்மையார் கஞ்சியும் கரைத்த சோறுமாகவே காலம் கடத்தினார். ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் இந்த அலைச்சல் முழுவதும் தவிர்ந்திருக்கும் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

எனவே, எங்கே பதித்தாலும் நாடு திரும்புமுன் எழுத்தில் ஒரு பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். இம்பிளான்ட்டைத் தயாரித்த நிறுவனம், அதன் வகை, விட்டம், நீளம், பொதியில் அச்சிட்டுள்ள தொகுதி இலக்கம், எந்தப் பல்லின் இடம், பதித்த திகதி, எலும்பு நிரப்பியிருந்தால் எந்தப் பொருளால், மேற்பல் திருகாணியால் பூட்டப்பட்டதா அல்லது சீமெந்தால் ஒட்டப்பட்டதா என்பன அதில் இருக்க வேண்டும். பொதியோடு வரும் ஒட்டுச்சீட்டை நோயாளியின் அட்டையில் ஒட்டிக் கொடுப்பது நல்ல கிளினிக்குகளின் வழக்கம். முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களின் பிரதியும் வேண்டும். இவற்றைத் தரத் தயங்கும் இடத்தில் பல் பதிக்காமல் திரும்பிவிடுவதே மேல்.

போகுமுன் ஊரிலேயே செய்ய வேண்டிய காரியங்களும் உள்ளன. முரசு நோய் இருந்தால் அதை முதலில் குணப்படுத்த வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைச் செய்து, அது கட்டுப்பாட்டில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். எலும்புத் தேய்வுக்கோ இரத்தம் உறையாமலிருப்பதற்கோ மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்கக் கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது. வெற்றிலை பாக்கைப் பற்றி, எமது மாவட்டத்தாருக்குக் கோபம் வந்தாலும் நான் சொல்லியே ஆகவேண்டும். பாக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே வெளியிட்டுவிட்டது. நீண்டகாலம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத் திசு இறுகி வாய் முழுதாகத் திறக்க இயலாமற் போகிறது. அத்தகைய வாயில் கடைவாய்ப் பக்கம் கருவியைச் செலுத்துவதே கடினம். புகைப்பவர்களுக்கும் பதித்த பல் நிலைக்கும் வாய்ப்புக் குறைகிறது.

பதித்த பல்லில் சூத்தை விழாது என்பதால் அதைக் கவனிக்கத் தேவையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். சுற்றியுள்ள முரசு அழன்று, அடியிலிருக்கும் எலும்பு கரைந்துபோகும் நோய் வலி அதிகமின்றியே வளரும். ஆகையால் ஆண்டுதோறும் ஒருவர் அதைச் சோதித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். அந்த ஒருவர் கடலுக்கு அப்பால் இருந்தால் நடைமுறையில் எவரும் இல்லை என்றே பொருள். எல்லா இடைவெளிக்கும் இம்பிளான்ட் வேண்டும் என்பதும் இல்லை. நன்றாகச் செய்த கட்டுப்பல்லோ, பக்கத்துப் பற்களில் தாங்கும் பாலமோ பலருக்குப் போதுமானது.

கிழக்கு மாகாணத்தில் பல் மருத்துவ பீடம் கிடையாது. பேராதனையில் உள்ள பல் போதனா வைத்தியசாலைக்கு ஒரு பரிசோதனைக்காக ஏறி இறங்குவது களுவாஞ்சிகுடியிலோ பொத்துவிலிலோ உள்ள முதியவருக்கு எளிதல்ல. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் அம்பாறைப் பொது வைத்தியசாலையிலும், பேராதனை நிபுணர்கள் குறித்த நாட்களில் வந்து, வேறிடங்களில் பதிக்கப்பட்ட பற்களையும் பார்வையிடும் ஏற்பாடொன்றை மாகாண சுகாதார அமைச்சு செய்ய வேண்டும். அது ஒழுங்காகும் வரையில், நான் மேலே குறிப்பிட்ட விபரங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்ட ஒரு பக்கப் படிவத்தை அச்சிட்டு, எல்லா ஆதார வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளிலும் வைக்கலாம். பயணம் போகிறவர் அதை எடுத்துச் சென்று அங்குள்ள வைத்தியரைக் கொண்டு நிரப்பி வருவார். இதற்குப் பெருந்தொகை நிதி தேவைப்படாது. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள் இதனைக் கவனத்தில் எடுக்கும்படி தங்கள் பத்திரிகையின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்,
களுவாஞ்சிகுடி.