மூன்று நாள் தூண்டில் உரிமம் மூன்று நாளும் செல்லுபடியாக வேண்டி மூன்றாவது மனு

அனுப்புநர்: விடுமுறைக்கு வந்து தூண்டில் போடும் வெளியூர்க்காரன்

பெறுநர்: மீன்வளத்துறையில் உரிமம் வழங்கும் அலுவலர் அவர்கள்

பொருள்: வெளியூர்ப் பயணிகளின் குறுகிய கால உரிமம் தொடங்கும் நாளை மாற்றித் தருவது, விதிகளைக் கரையிலேயே எழுதி வைப்பது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இதே பொருளில் ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்திருக்கிறேன். முதலாவதற்கு ஒப்புகை எண் வந்தது, இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கும் கல்கரையும், அதன் முனையில் அறுந்து தொங்கும் கைப்பிடிக் கம்பியும், வெயிலில் எழுத்து போன அறிவிப்புப் பலகையும் தாங்கள் தினமும் பார்ப்பவைதான், அதனால் இடத்தை விளக்கவில்லை.

வருடத்துக்கு ஓரிரு முறை 76 வயதான அப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். ஆளுக்கு ஒரு தூண்டில், கொஞ்சம் இரை, ஒரு வாளி, அவ்வளவுதான் எங்கள் சாமான். பிடித்ததை விற்பதில்லை, பாதியைத் திரும்பக் கடலில்தான் விடுகிறோம். உரிமமே வேண்டாம் என்று கேட்க வரவில்லை. எத்தனை பேர் தூண்டில் போடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் எவ்வளவு மீன் போகிறது என்று கணக்குப் போட முடியும். அமெரிக்காவில் இந்தக் கணக்குக்காகவே 2010 முதல் கடல் தூண்டில்காரர்களுக்குத் தேசியப் பதிவேடு இருக்கிறது. ஆகவே உரிமமும் கட்டணமும் இருக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. எங்கள் கஷ்டம் வேறு.

1. மூன்று நாள் உரிமம் பணம் கட்டிய நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, ஆனால் அது கைக்கு வருவது அலுவலகம் சரிபார்த்த பிறகுதான். போன முறை வியாழக்கிழமை மாலை வந்து சேர்ந்தோம். அன்று இரவு 11.40க்குப் பணம் கட்டினேன், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. வெள்ளி அரசு விடுமுறை. சனி, ஞாயிறு சொல்லவே வேண்டாம். இந்த மூன்று நாளும் அப்பா காலை ஐந்து மணிக்கே எழுந்து, தங்கியிருந்த அறையின் வாசலில் உட்கார்ந்து ரீலைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். “வந்துருச்சா?” என்று என் போனைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். திங்கட்கிழமை காலை 10.20க்கு, ரயிலில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது உரிமம் வந்தது. செல்லுபடி: வியாழன் முதல் சனி வரை. இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா.

அதற்கு முந்தைய பயணத்தில் புத்திசாலித்தனமாக ஒரு வாரம் முன்னாலேயே கட்டினேன். அன்றைக்கே வந்துவிட்டது, நாங்கள் பெட்டி கட்டுவதற்குள் முடிந்தும் விட்டது. முன்னால் கட்டினால் வருவதற்குள் முடிகிறது, வந்த பிறகு கட்டினால் முடிந்த பிறகு வருகிறது. விண்ணப்பத்தில் ‘எந்தத் தேதியிலிருந்து’ என்று ஒரே ஒரு கட்டம் சேர்த்தால் தீரும் விஷயம் இது.

2. பணம் கட்டும்போது வரும் ஓடிபி உள்ளூர் எண்ணுக்குத்தான் வருகிறது. வெளியூர்க்காரர்களுக்கான உரிமத்துக்கு உள்ளூர் எண். விடுதி மேலாளர் தன் எண்ணைக் கொடுத்து உதவினார், நல்ல மனிதர்.

3. மீனை எதிலிருந்து எதுவரை அளப்பது என்று தயவுசெய்து எழுதி வையுங்கள். முதல் தடவை வந்தபோது மூன்றாம் நாள் மதியம் உரிமம் கிடைத்தது, அரை நாள் மிச்சம். அப்பாவுக்கு ஒரு பாறை மீன் மாட்டியது. குறைந்தபட்சம் 40 செ.மீ. என்று சொல்லியிருந்தார்கள். வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து நுனிவரை அளந்தேன், 41 இருந்தது. அந்த நேரம் பார்த்து வந்த தங்கள் ஊழியர் வால் பிளவு வரைதான் கணக்கு என்று அளந்து 37 என்றார். இரண்டும் உலகத்தில் வழக்கத்தில் உள்ள அளவுகள்தான், இங்கே எது என்பதுதான் கேள்வி. பலகையைப் பார்க்கலாம் என்று போனால் அதில் ‘அளவு’ என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இத்தனை நேரமும் மீன் சுடுகல்லில் கிடந்தது. செவுள் முதலில் வேகமாகத் திறந்து மூடியது, அப்புறம் விட்டுவிட்டு, அப்புறம் ஓரத்தில் மட்டும் லேசாக. அபராத ரசீதை எழுதி முடித்த பிறகு, “கடலில் விடுங்கள்” என்றார். அப்பா குனிந்து இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். வயிறு மேலே வந்துவிட்டது. ஒரு தடவையாவது முட்டை இடட்டும் என்றுதானே அளவு வைப்பது? அந்த மீனை யாருக்காகக் காப்பாற்றினோம்?

சரி, அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடமும் எழுத்தில் ஒன்றும் இல்லை, யாரோ சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

4. யாருக்கு உரிமம் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிறுவர்களுக்கு வேண்டாம் என்கிறார் ஒருவர், ராடு பிடித்தாலே வேண்டும் என்கிறார் இன்னொருவர். ஃப்ளோரிடாவில் 16 வயதுக்குக் கீழே உரிமம் தேவையில்லை, உரிமம் பெற்ற வாடகைப் படகில் போனால் படகுக்காரரின் உரிமமே பயணிக்கும் போதும். கலிஃபோர்னியாவில் பொதுக் கடல்பாலத்தில் நின்று போட்டால் உரிமம் வேண்டாம், ஆனால் அளவும் எண்ணிக்கையும் உண்டு. நியூசிலாந்தில் கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட உரிமமே கிடையாது, ஆனால் நாளொன்றுக்கு எத்தனை மீன் என்பது கறாராக இருக்கிறது. தாங்கள் எதை வேண்டுமானாலும் வையுங்கள், அதை எழுதி வையுங்கள். நாங்கள் கேட்டு நடப்போம்.

5. பலகை. வண்ணம் அடித்தால் போதும்.

6. மறுபடியும் முதல் விஷயத்துக்கே வருகிறேன், மன்னிக்கவும். மற்றது எல்லாம் தாமதமானாலும் பரவாயில்லை, தொடங்கும் தேதியை மட்டும் மாற்றித் தாருங்கள். மூன்று முறை வந்ததில் ஒன்பது நாளுக்குப் பணம் கட்டி அரை நாள் தூண்டில் போட்டிருக்கிறோம், அதிலும் அபராதம். உரிமம் இல்லாமல் போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கல்கரையில் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வரிசையில் நிற்கிறவனுக்குத்தான் எல்லாம். கோபமாக எழுதக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் மூன்றாவது மனு, ஐயா.

அடுத்த மாத முதல் வெள்ளி, சனி, ஞாயிறு வருகிறோம். அப்பா இப்போதே ரீலில் புதுத் தூண்டில் நரம்பு சுற்றி வைத்துவிட்டார். இந்த மனுவோடு விண்ணப்பத்தின் நகலை இணைத்து, தேவையான மூன்று தேதிகளையும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அந்தத் தேதிகளுக்கே உரிமம் தரும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் அதையாவது ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள், டிக்கெட்டை ரத்து செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரன்

இணைப்பு: விண்ணப்ப நகல், காலாவதியான உரிமங்கள் 3, அபராத ரசீது 1, முந்தைய மனுக்களின் நகல் 2.