நீ கேட்ட 165 கிரெயின் குண்டு பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நான்கு மாதங்களுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த செய்தியில் இரண்டே வரிகள் இருந்தன. வீட்டில் தோட்டா செய்யும்போது நாம் .30-06 ரைஃபிளுக்கான 165 கிரெயின் எடையுள்ள ஈயக் குண்டுக்குப் போடும் அதே அளவு வெடிமருந்தை, அதே எடையுள்ள செம்புக் குண்டுக்கும் போடலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. ஃபோனில் ஒரே சொல்லில் முடிந்திருக்கும். நீ எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது என்பது எனக்குத் தெரியும். வேட்டைக்காரர்கள் விட்டுச் சென்ற குடலில் கிடந்த ஈயத் துணுக்குகளைத் தின்று காண்டர் கழுகுகள் செத்ததால் வந்த சட்டம் அது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. டெக்சாஸிலேயே இருந்திருந்தால் உனக்கு இந்தத் தொல்லை இல்லை என்று எழுத வந்தேன்; அதை எழுதப் போவதில்லை.

எடை ஒன்றாக இருப்பதால் குண்டும் ஒன்றாகிவிடாது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9. ஆகவே அதே 165 கிரெயினைச் செம்பில் செய்தால் குண்டு நீண்டுவிடுகிறது. தோட்டாவின் மொத்த நீளம் 3.340 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதால், கூடுதலாக உள்ள நீளம் முன்பக்கம் நீள வழியில்லாமல், மருந்து இருக்கும் பித்தளைக் கூட்டுக்குள்தான் இறங்கியாக வேண்டும். மருந்து எரிவதற்கு இருந்த இடம் அந்த அளவுக்குக் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. அதோடு, ஈயத்தை உள்ளே வைத்த குண்டு குழலின் உட்புறச் சுருள் புரிக்குள் நுழையும்போது கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும். முழுச் செம்பு அவ்வளவு எளிதில் கொடுக்காது. இந்த ரைஃபிளுக்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. நம் பழைய அளவு அந்த எல்லைக்கு அருகிலேயே நிற்பது உனக்கும் தெரியும். தாத்தா உள்ளங்கையில் கொட்டி அளந்த கருமருந்து அல்ல இது.

எனவே அந்தக் குண்டைச் செய்தவர்களே வெளியிட்ட கையேட்டை எடு. வேறொருவரின் 165க்கு அச்சிட்ட எண் உனக்கு உதவாது. அதில் உச்சம் 50 கிரெயின் என்றிருந்தால் 45இல் தொடங்கி, அரை அரை கிரெயினாக ஏற்றி, ஒவ்வோர் அளவிலும் மூன்று தோட்டாக்கள் மட்டும் செய். பயந்துகொண்டு கையேட்டின் தொடக்க அளவுக்குக் கீழேயும் போகாதே. மெதுவாக எரியும் மருந்து குறைவாக இருந்தாலும் ஏறுமாறாக நடந்துகொள்ளும். குண்டு புரியைத் தொடும் இடத்திலிருந்து ஆயிரத்தில் 50 பங்கு அங்குலம் தள்ளி நிற்கும்படி, குண்டைக் கூட்டில் பொருத்தும் டையைத் திருகி, வெர்னியரில் அளந்து எழுதி வை. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகிறதா, கூட்டின் அடியில் பளபளப்பான தடம் விழுகிறதா, சுட்ட பிறகு ரைஃபிளைத் திறக்கும் போல்ட் தூக்குவதற்குக் கனக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார். இவையெல்லாம் அழுத்தம் மிகுந்ததற்குத் தாமதமாக வரும் அடையாளங்கள் என்பதால், குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியையும் வைத்துக்கொள். கையேட்டின் உச்ச வேகத்தை நீ அதற்கு முன்பே எட்டிவிட்டால், மருந்து குறைவாகத் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிடு.

இரவில் மருந்து நிறுக்காதே.

என்னைக் கேட்டால் 165ஐ விட்டு 150க்கு இறங்கிவிடலாம். செம்பு உடைந்து சிதறாமல் தன் எடையைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் மலர்ந்து விரிவதற்கு அதற்கு வேகம் வேண்டும்; எடை குறைந்த குண்டு அதைத் தரும். குழலைச் செம்புக் கறை போகத் துடைத்துவிட்டு, 100 கஜத்தில் மறுபடி குறி திருத்து. பழைய இடத்தில் அடிக்காது. நீ பதினைந்து வயதிலேயே மூன்று குண்டுகளை ஒரு கால் டாலர் நாணயத்துக்குள் அடக்கியவன். உன்னளவுக்குச் சீராக நான் ஒருநாளும் கூடு திருத்தியதில்லை. ஆகவே கை பற்றி எனக்குக் கவலையில்லை. தனியாக, தூக்கம் வராத நேரத்தில், மனம் வேறெங்கோ இருக்கும்போது தராசின் முன் உட்காராதே என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வீட்டில் இருவரும் நலமா என்று கேட்கும்படி உன் அம்மா சொன்னாள்.

உன் இடக் கண்ணிமையில் உள்ள தழும்புக்குக் காரணம் பழைய கூடு வெடித்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். கூட்டில் ஒரு குறையும் இல்லை. 2001 தீபாவளி வாரத்தில் உன் அம்மா ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். உனக்குப் பத்து வயது, உனக்கு அது தெரியாது. அன்று நள்ளிரவில் தூக்கம் வராமல் கராஜில் உட்கார்ந்து, தென் டெக்சாஸில் திரியும் நம் நாட்டு நீல்காய் மானுக்கென்று வாங்கி வைத்திருந்த செம்புக் குண்டுகளை, ஈயக் குண்டுக்கான உச்ச அளவு மருந்தின் மேலேயே வைத்து இருபது தோட்டாக்கள் செய்தேன். அந்த நாளில் அக்குண்டுகளின் உடம்பில் இப்போதிருக்கும், அழுத்தத்தைக் குறைக்கும் வளையப் பள்ளங்கள்கூடக் கிடையாது. சனிக்கிழமை உன்னையும் கூட்டிப் போனேன். முதல் தோட்டாவுக்கே போல்ட் இறுகிக்கொண்டது; உள்ளங்கையால் தட்டித்தான் தூக்கினேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நீ பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதற்காகவே இரண்டாவதைச் சுட்டேன். பிரைமர் துளைபட்டு, வாயு பின்னால் பீறிட்டது. நீ கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றியிருந்ததையும் நான் கவனிக்கவில்லை.

கூடு பழசு என்று உன்னிடமும், ஆஸ்பத்திரியிலும், உன் அம்மாவிடமும் சொன்னேன். அன்றிரவு அவள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை. மீதிப் பதினெட்டுத் தோட்டாக்களையும் மறுநாள் பகலில் ஒவ்வொன்றாக இழுத்துப் பிரித்தேன்.

நீ ஏற்கெனவே ஏதாவது செய்து வைத்திருந்தால் சுடாதே, பிரித்துவிடு. அந்தக் குண்டு ஒன்றின் நீளத்தை வெர்னியரில் அளந்து, மருந்தின் பெயரோடு எனக்கு அனுப்பு. இங்கே கையேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். இரவு இரண்டு மணியானாலும் கூப்பிடு, ஃபோனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா