ஏற்காட்டில் முகாம், சேலத்தில் ஓட்டம்

சேலம் மாவட்டத்தில் தடகளப் பயிற்சி கொடுப்பவர்களுக்கும், கோடை விடுமுறையில் ஓட்டப் போட்டி நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். நான் செவ்வாய்ப்பேட்டையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவன். முடி கறுப்பாக இருந்த காலத்தில் ஐயாயிரம் மீட்டர் ஓடியவன். பெரிதாக ஒன்றும் ஜெயித்ததில்லை. மாவட்டத்தில் ஒருமுறை மூன்றாம் இடம், அவ்வளவுதான். இப்போது என் மகள் ஓடுகிறாள். போன மே மாதம் அவள் ஓடிய ஓர் ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். எந்தப் போட்டி, யார் நடத்தினார்கள் என்று சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர்கள்தான். உங்களில் யார் நடத்தியிருந்தாலும் அன்றைக்கு அதேதான் நடந்திருக்கும்.

பத்து நாள் ஏற்காட்டில் முகாம். விடியற்காலையில் ஏரியைச் சுற்றி ஓட்டம், சாயங்காலம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மேட்டு ஓட்டம். பத்தாம் நாள் இரவு வேனில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து வீட்டில் படுத்தாள். மறுநாள் காலை மைதானம். பெண்களுக்கான 3000 மீட்டர் எட்டரைக்கு என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தது. சிறப்பு விருந்தினர் வந்து, அணிவகுப்பு முடிந்து, பொன்னாடை போர்த்தி, பேசி முடித்து, விசில் ஊதியபோது பதினொன்று இருபது. அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

நான்கு சுற்று வரை இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். ஐந்தாவது சுற்றில் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டித் தாண்டிக் கால் போயிற்று. ஆறாவது சுற்றில் வளைவிலேயே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். என்ன வகுப்பு என்று ஒரு சார் கேட்டார். ஐந்தாவது என்றாள். அவள் பத்தாவது எழுதி முடித்திருந்தாள்.

யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். யாரோ சோடா உடைத்தார்கள். ‘நல்லா வேர்க்குது சார், அப்ப ஒண்ணும் இல்ல’ என்றார் ஒருவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது, கேட்டுக்குப் பக்கத்தில் மோர் விற்கிற பாட்டி. ‘நவுருங்கடா’ என்று ஒரு அதட்டல். தன் ஐஸ் பெட்டியில் கரைந்து கிடந்த தண்ணீரை, ஐஸ் துண்டுகளோடு சேர்த்து, தலையிலிருந்து கால் வரை கொட்டினார். பிறகு சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது: ‘மேல ஓடும்போது மூச்சே வாங்கலப்பா. இங்க கால் ரெண்டும் என்னோடது மாதிரியே இல்ல.’

பிள்ளை ஏன் விழுந்தாள் என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரையும், தெரிந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி ஒருவரையும் துளைத்து எடுத்தேன். கிடைத்ததைப் படித்தேன். அதில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

ஓடும்போது தசை எரிக்கிற ஆற்றலில் கால்வாசி போலத்தான் ஓட்டமாக மாறுகிறது. மீதி முழுக்கச் சூடு. அந்தச் சூட்டைத் தோலுக்குக் கொண்டுபோய் வெளியேற்ற வேண்டியது ரத்தம். தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோக வேண்டியதும் அதே ரத்தம். ஒரே தண்ணீர் லாரி வந்து நிற்க, இரண்டு தெருக்காரர்களும் குடத்தோடு ஓடிவந்தால் எப்படியோ அப்படி. வியர்க்க வியர்க்க லாரியில் தண்ணீரும் குறைகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் இதயம் மட்டும் வேகவேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. நாம் அதைப் பார்த்து ‘மனசு விட்டுட்டா’ என்கிறோம்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும் என்பதுதான் நல்ல செய்தி. வெயிலில் நாள்தோறும் ஒரு மணி நேரம் போல வேலை கொடுத்தால், முதல் ஐந்தாறு நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வருகிறது, அதில் போகிற உப்பு குறைகிறது, இதயத்துடிப்பு தணிகிறது. ஆனால் வெயிலை விட்டு விலகினால் அந்தப் பழக்கம் நாளுக்கு ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கரைந்துபோகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து நாள் குளிரில் இருந்தால் கால்வாசி போச்சு.

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. மேலே எட்டு டிகிரிக்குக் குறையாமல் குளிர்ச்சி கூடுதல். ‘ஆல்டிட்யூட் டிரெய்னிங்’ என்று நீங்கள் நோட்டீசில் போடுகிறீர்கள். உயரத்தில் தங்கி ரத்தச் சிவப்பணுவைப் பெருக்க வேண்டுமானால் 2,000 மீட்டருக்கு மேல், மூன்று நான்கு வாரம் வேண்டும் என்பதுதான் பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊட்டிக்கு இந்திய ஓட்டக்காரர்கள் போவதில் பொருள் இருக்கிறது. ஏற்காட்டில் பத்து நாள் தங்கினால் அந்த ரத்தமும் ஊறாது; கீழே ஏப்ரல் முழுக்க வெயிலில் ஓடிச் சேர்த்த பழக்கமும் ஒழுகிப்போகும். சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு அந்தப் பழக்கம் தொடங்கவே இல்லை. மலையில் மான் மாதிரி ஓடுகிற பையன் மைதானத்தில் துவண்டால் ‘கீழ வந்தா சோம்பேறி ஆயிடுறான்’ என்று நாமே பேசியிருக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன்.

ஏற்காடே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது சந்தோஷம். குளிரில் கடினமாக ஓடவும் முடியும். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் கீழே இறக்கிவிடுங்கள் என்கிறேன். விட்ட பழக்கத்தை உடம்பு முதல் தடவையைவிடச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். மலைப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். முதல் மூன்று நாள் மெதுவோட்டம் போதும்.

அடுத்தது அந்தச் சிறப்பு விருந்தினர் விஷயம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், கொஞ்சம் கோபம் இருக்கிறதுதான். கோபன்ஹேகனில் செய்த ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஏழு சைக்கிள் வீரர்களை 40 டிகிரி அறையில், இனி முடியாது என்கிறவரை மிதிக்க வைத்தார்கள். மிதிப்பதற்கு முன் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்து, உடம்பின் உள்சூட்டை ஒரு நாள் 36, ஒரு நாள் 37, ஒரு நாள் 38 டிகிரி ஆக்கிக்கொண்டார்கள். 36இல் தொடங்கியபோது 63 நிமிடம் தாங்கினார்கள். 37இல் 46 நிமிடம். 38இல் வெறும் 28. மூன்று நாளும் அவர்கள் நிறுத்தியது ஒரே இடத்தில்: உள்சூடு 40ஐத் தொட்டபோது.

ஆக, விசில் ஊதும்போது பிள்ளையின் உடம்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதிலேயே ஓட்டத்தில் பாதி முடிந்துவிடுகிறது. அணிவகுப்பில் இரண்டரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு ஓடச் சொன்னால், அந்த 28 நிமிடக் கணக்கில்தான் தள்ளிவிடுகிறோம். நூறு மீட்டர் ஓடுகிறவர்களுக்குச் சூடான தசை நல்லது. அவர்களைப் பத்து மணிக்கு ஓடவிடலாம். 1500, 3000, 5000, நடை ஓட்டம் இதெல்லாம் காலை ஏழரைக்குள் முடியட்டும். பேச்சும் பொன்னாடையும் அதன் பிறகு, நிழலில். தோகாவில் 2019 உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தும், புழுக்கத்தில் 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை. நமக்கு அந்தப் புழுக்கம் இல்லை, சரி. வறண்ட காற்றில் வியர்வை உலர்கிறது. ஆனால் உச்சிவெயிலும் கீழிருந்து ஏறுகிற மண்சூடும் இருக்கிறதே. ‘சேலத்தில் வெயில் சதமடித்தது’ என்று பேப்பரில் வருகிற அந்த நூறு டிகிரி, நிழலில் பெட்டிக்குள் வைத்து அளந்தது. பிள்ளை ஓடுவது பெட்டிக்கு வெளியே. ஈரப்பதம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கிற கையடக்கக் கருவி இருக்கிறது. போட்டி வைக்கிறவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். வெப்ப அலையை 2024இல் தமிழக அரசே மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ‘ஓடுறதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சா வயிறு கனக்கும்’ என்று என் மாஸ்டர் தடுப்பார். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில், தாகத்தோடு ஓடினால் என்ன ஆகும் என்று பார்க்கவே தண்ணீரைக் குறைத்து வைத்தார்கள். 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள். நூற்றிருபது வருஷம் ஆயிற்று, இன்னும் நாம் அந்தப் பரிசோதனையை விடவில்லை. அதற்காகக் குடம் குடமாகத் திணிக்கவும் வேண்டாம், அதுவும் ரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆளைச் சாய்க்கும். தாகத்துக்குக் குடிக்கட்டும். உப்புப் போட்ட நீர்மோர் போதும்.

கடைசியாக, விழுந்த பிள்ளை. வியர்வை இருந்தால் ஆபத்தில்லை என்பது தப்பு. ஓடி விழுகிறவர்களுக்கு வெப்பத்தாக்கு வந்தபிறகும் வேர்த்துக்கொண்டிருக்கலாம். பேச்சு குழறுகிறதா, பதில் மாறுகிறதா என்று பாருங்கள். நெற்றிக்கு நேரே நீட்டுகிற துப்பாக்கித் தெர்மாமீட்டர் உள்சூட்டைக் காட்டாது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்ட கையோடு குளிர வைக்க ஆரம்பித்துவிடுங்கள். வண்டி வந்த பிறகு என்று தள்ளிப்போட்டால், அரைமணி நேரத்துக்குள் இறக்க வேண்டிய சூடு இறங்காது. அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் நடக்கும் ஓட்டத்தில், 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்தது. ஐஸ் தண்ணீர்த் தொட்டியை மைதானத்திலேயே வைத்திருந்தார்கள். 274 பேரும் பிழைத்தார்கள்.

தொட்டிக்கு எங்கே போவது என்றால், தார்ப்பாய் போதும். பிள்ளையை நடுவில் கிடத்தி, நான்கு பேர் நான்கு ஓரத்தையும் தூக்கிப் பிடித்து, ஐஸும் தண்ணீரும் ஊற்றி மெல்ல ஆட்ட வேண்டும். ஒருவர் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொள்ள வேண்டும்.

தார்ப்பாய் என் கடையில் இருக்கிறது. இந்தக் கோடையில் நீங்கள் நடத்துகிற எல்லாப் போட்டிக்கும் இரண்டு தார்ப்பாயும் நான்கு பார் ஐஸும் என் செலவு. பொழுது விடியுமுன் நானே ஆட்டோவில் கொண்டுவந்து மைதானத்தில் இறக்கிவிடுகிறேன். மோர்க்காரப் பாட்டியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் ஓட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள். அழைப்பிதழில் போடுகிற நேரம் இல்லை, விசில் ஊதுகிற நேரம்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஐயாயிரம் மீட்டர்க்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்