கேட்பதற்குள் அழிந்துவிடும் ஆதாரம்: சிறைவாசிகளின் வழக்குகள் குறித்து ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் விதிகள் ஆலோசனைக் குழுவினருக்கு,

வணக்கம். வழக்கறிஞர் இன்றிச் சிறைவாசிகள் தாங்களே நடத்தும் உரிமையியல் வழக்குகளுக்குக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் விதி 26 அளித்திருக்கும் விலக்கைத் தாங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.

பெரும்பாலான உரிமையியல் வழக்குகளில், தம் வாதத்துக்குப் பயன்படுத்தக்கூடிய ஆவணங்களையும் சாட்சிகளின் பெயர்களையும் இரு தரப்பாரும் எவரும் கேளாமலே தொடக்கத்தில் தெரிவித்துவிட வேண்டும். 2000-ஆம் ஆண்டின் திருத்தம் இந்தக் கடமையிலிருந்து சிறைவாசிகளின் வழக்குகளை விலக்கிவிட்டது. விலக்கு பெற்ற வழக்குகளில் 'டிஸ்கவரி'க்கு, அதாவது விசாரணைக்கு முன் ஒரு தரப்பு மற்றதிடமிருந்து ஆதாரங்களைக் கேட்டுப் பெறும் நடைமுறைக்கு, பெரிதாக வேலை இராது, அல்லது முன்கூட்டித் தெரிவிப்பதால் வழக்குக்குப் பயன் இராது என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். காவலர் தாக்கினார் என்று, உரிமைகளை மீறும் அதிகாரிகள்மீது வழக்குத் தொடுக்க வழிசெய்யும் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கும் சிறைவாசியைப் பொறுத்தவரை இந்தக் காரணம் பொருந்தவே பொருந்தாது. சம்பவ அறிக்கை, காயங்களின் புகைப்படம், மருத்துவக் குறிப்பு, அன்றைய பணிப்பட்டியல் ஆகிய அனைத்தும் எதிர்த்தரப்பின் கையில்தான் இருக்கின்றன. தாக்கியவரின் பெயர்கூடத் தெரியாமல் 'ஜான் டோ' என்று குறிப்பிட்டு வழக்குத் தொடுப்போரும் உண்டு.

கேட்டுப் பெறலாமே என்பீர்கள். விதி 33 அனுமதிக்கும் 25 கேள்விகளைச் சிறைவாசி எழுதி அனுப்பினால், சிறைப் பாதுகாப்புக்குப் பங்கம் என்றோ கோரிக்கை தெளிவாக இல்லை என்றோ ஆட்சேபம் வரும். அதை எதிர்த்து மனுச் செய்யுமுன் எதிர்த்தரப்பு வழக்கறிஞருடன் பேசித் தீர்க்க முயன்றதாக அவர் சான்றளிக்க வேண்டும். நினைத்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க முடியாதவருக்கும் இதே விதிதான். சிறைவாசியோ, 'இவை உண்மை என்று ஒப்புக்கொள்ளுங்கள்' என எதிர்த்தரப்பு விதி 36-இன்கீழ் அனுப்பும் கோரிக்கைக்கு 30 நாளில் பதில் தராவிட்டால், அதில் கண்டவற்றை ஒப்புக்கொண்டவராகிவிடுவார்.

எல்லாவற்றிலும் கொடியது கேமரா பதிவின் கதி. சிறைக்குள் உள்ள குறைதீர்ப்புப் படிகள் அனைத்தையும் ஏறி முடித்த பிறகே வழக்குத் தொடுக்கலாம் என்கிறது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். கேமரா அமைப்புகளோ குறிப்பிட்ட கால இடைவெளியில் பழைய பதிவின்மீதே புதியதைப் பதிந்துகொண்டிருக்கும். அந்தக் கெடு சில வாரங்களே என்றால், பதிவைக் கேட்கும் உரிமை சிறைவாசிக்குப் பிறக்கும்போது பதிவே இராது. வேண்டுமென்றே அழித்தார்கள் என்று நிரூபித்தால்தான் விதி 37(e)-இன் கடுமையான தண்டனைகள் கிடைக்கும்; அந்த நோக்கத்தை நிரூபிக்க வேண்டிய ஆவணங்களும் சிறை நிர்வாகத்திடமே இருக்கின்றன.

இதற்கு மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. நியூயார்க்கின் தெற்கு, கிழக்கு மாவட்ட நீதிமன்றங்களின் உள்ளூர் விதி 33.2, பலப்பிரயோகம், கைதிகளிடையே தாக்குதல், ஒழுங்கு விசாரணைக் குறைபாடு ஆகிய மூவகை வழக்குகளுக்கும் கேள்விகளையும் ஆவணப் பட்டியலையும் முன்கூட்டியே வகுத்திருக்கிறது. சிறைவாசி கேளாமலே அரசுத் தரப்பு அவற்றுக்குப் பதிலளிக்க வேண்டும். வெற்று வழக்குகள் பெருகும் என்ற அச்சமும் வேண்டாம். அரசுக்கு எதிரான சிறைவாசிகளின் வழக்குகளை நீதிமன்றம் முதலிலேயே சலித்தெடுக்கிறது, அதில் தேறியவற்றுக்கு மட்டும் இக்கடமை போதும். உண்மையிலேயே பாதுகாப்புச் சிக்கல் உள்ள பதிவை நீதிபதி தனியறையில் பார்க்கலாம், அல்லது நகல் தராமல் அதிகாரி முன்னிலையில் வாதிக்குக் காட்டலாம்.

ஆகவே, வாதிக்கு உள்ள விலக்கை அப்படியே வைத்துக்கொண்டு, சிறைத் தரப்புக்கு மட்டும் அந்த விலக்கை நீக்குங்கள். பலப்பிரயோகம் குறித்த குறைதீர்ப்பு மனு பதிவான நாளிலிருந்தே அந்தச் சம்பவத்தின் பதிவுகளைக் காக்கும் கடமை தொடங்கும் என்பதையும் விதியிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
சிறைவாசிகளின் வழக்குகளைத் தொடர்ந்து படித்துவரும் ஒருவர்