புல்லட் பைப் சிவந்த சேதிக்குப் பதில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மணிக்குக் கோயம்புத்தூரிலேயே காலேஜ் கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு வேர்வாடல் வந்து தோப்புத் தோப்பாக மட்டை மஞ்சளடிக்கிறது. எங்கள் மேற்குக் காட்டிலும் கொஞ்சம் மரம் வெட்ட வேண்டியதாகிவிட்டது. அப்பா அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. நீ ஒரு நாள் வந்து அவரோடு உட்கார்ந்து பேசினால் நன்றாக இருக்கும்.

இனி வண்டி விஷயம். புல்லட்டுக்கு சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணி, காற்று வடிகட்டிப் பெட்டியான ஏர் பாக்ஸை எடுத்துவிட்டுத் திறந்த பாட் ஃபில்டர் மாட்டி, புகையைத் தடையில்லாமல் விடுகிற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டாய். இப்போது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் பெண்ட் பைப் நீலம் பாய்ந்து, ராத்திரியில் சிலிண்டர் ஹெட் பக்கம் சிவப்பாகத் தெரிகிறது என்கிறாய். பட்டறையில் பைப்புக்குத் துணி சுற்றச் சொன்னார்களாம். வேண்டாம் மாப்பிள்ளை, சுற்றாதே. இருட்டில் இரும்பு சிவப்பாகத் தெரிய வேண்டுமென்றால் 500 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்க வேண்டும். அதன்மேல் துணி சுற்றினால் சூடு உள்ளேயே அடைபடும், மழையில் ஈரம் கோத்துப் பைப் துருப்பிடிக்கும். முக்கியமாக, எஞ்சின் உனக்குக் காட்டுகிற அடையாளத்தையே மூடி மறைத்துவிடுவாய். சிலிண்டருக்குள் எரிந்து பிஸ்டனைத் தள்ள வேண்டிய பெட்ரோல் பைப்பில் போய் எரிந்து முடிகிறது. அது ஏன் என்றுதான் பார்க்க வேண்டும்.

எல்லோரும் முதலில் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டைத்தான் மாற்றுவார்கள். நான் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கில் இருந்து ஆரம்பிப்பேன். போர் பண்ண எஞ்சினைப் பிரித்து மாட்டியபோது தீப்பொறியை விழ வைக்கிற பாயிண்ட் இருக்கும் தட்டு நகர்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தீப்பொறி தாமதமாக விழுந்தால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும். அந்தத் தீ நேராகப் பைப்பில் இறங்கும். வண்டி இழுவை குறைந்து, ஹெட்டும் கொதித்தால் முக்கால்வாசி இதுதான் காரணம். முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வை. அப்புறம் சாவியைப் போட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஆம்ப் மீட்டரைப் பார். பாயிண்ட் திறக்கிற நொடியில் முள் துள்ளும். அந்த இடம் மேனுவலில் சொன்ன பிஸ்டன் நிலையோடு பொருந்த வேண்டும். பாயிண்ட் தட்டுக்குக் கீழே, வேகம் கூடக் கூடத் தீப்பொறியை முன்னே தள்ளுகிற ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றையும் விரலால் விரித்துப் பார். துருவேறி ஒட்டிக்கொண்டால், ஐட்லிங்கில் எல்லாம் சரியாக இருக்கும், வேகம் பிடித்ததும் டைமிங் முன்னேறாமல் பின்தங்கிப் பைப் சிவக்கும். இதைப் பார்க்காமலே கார்புரேட்டரை நோண்டுகிறவர்கள்தான் அதிகம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வால்வு இடைவெளியை வைக்கிற டேப்பெட்டையும் பார்த்துவிடு. வால்வைத் திறக்கத் தள்ளுகிற புஷ் ராடு விரலில் உருட்டினால் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுகியிருந்தால் வால்வு முழுசாக மூடாது. கொஞ்ச நாளில் வால்வே கருகிவிடும்.

இவை சரியான பிறகுதான் காற்றும் பெட்ரோலும். நீ காற்று வரும் வழியையும் போகும் வழியையும் திறந்துவிட்டாய், ஜெட் மட்டும் கம்பெனி நம்பரிலேயே நிற்கிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆகிப்போனால் மெதுவாக எரிந்து, பைப் வரை நீளும். இதோடு இப்போதைய பெட்ரோலையும் சேர்த்து யோசி. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5 ஆகிறது. அதாவது, பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் வண்டியில் எதையும் மாற்றாமலே கலவை கொஞ்சம் லீன் ஆகிவிடும். நீ மாற்றியதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பழைய ரப்பர் சாமான்களையும் எத்தனால் கெடுக்கும். அதனால் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இணைப்பில் வெடிப்பு இருக்கிறதா பார். எஞ்சின் சூடேறுவதற்கு முன்னால் ஐட்லிங்கில் விட்டு, அந்த இணைப்பைச் சுற்றி கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடி. சத்தம் மாறினால் அங்கே ஏர் லீக். சூடான பைப் பக்கம் மட்டும் தெளித்துவிடாதே.

லீக் இல்லை என்றால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்று. முக்கால் த்ராட்டிலுக்கு மேல்தான் அதன் வேலை. த்ராட்டில் நடுவில் நிற்கும் ஓட்டத்துக்கு கார்புரேட்டர் நீடிலின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கு. நீடில் மேலே எழும்பிப் பெட்ரோல் கூடும். ஐட்லிங்கும் லேசான த்ராட்டிலும் பைலட் ஜெட் கணக்கு, ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடி ரிச். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருந்துறை சிப்காட் உள்ரோடு காலியாக இருக்குமே, பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, புதுப் பிளக்கோடு நல்ல இழுவையில் ஓட்டி, கிளட்ச் பிடித்தபடியே எஞ்சினை அணைத்து ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்றிப் பார். வெள்ளையாக இருந்தால் இன்னும் லீன், கரி பிடித்தால் ரிச், காப்பிப்பொடி நிறம் வந்தால் விட்டுவிடு.

இன்னொன்று. ஸ்டாண்டில் நிறுத்திப் பத்து நிமிஷம் முறுக்கிக்கொண்டே இருந்தால் நல்ல வண்டியின் பைப்பும் சிவக்கும், காற்று ஓட்டம் இல்லையே. வீட்டில் டியூன் பண்ணும்போது எதிரே டேபிள் ஃபேனைப் போட்டுக்கொள்.

ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறலாம் என்று எழுதியிருந்தாய். போகலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி 1,000 மீட்டர் தாண்டும்போது காற்று லேசாகிப் பிக்கப் மந்தமாகும். அதைப் பார்த்துவிட்டு அங்கே ஜெட்டைக் குறைக்கக் கூடாது. கீழே இறங்கினதும் மறுபடியும் லீன் ஆகிப் பைப் சிவக்கும். இறக்கத்தில் த்ராட்டிலை விட்டதும் பட்டுப்பட்டென்று வெடித்தால் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கெட்டைப் பார்.

மெயின் ஜெட் நாலைந்து நம்பரில் என்னிடம் இருக்கிறது. பார்சலில் அனுப்பட்டுமா, அப்பாவைப் பார்க்க வரும்போது எடுத்துக்கொள்கிறாயா என்று சொல். டைமிங்கை மட்டும் அதற்குள் பார்த்துவிடு, அதுவரைக்கும் வண்டியைத் தூரம் எடுக்காதே. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பொள்ளாச்சி மாப்பிள்ளை