இந்த வாரம் உங்கள் பிள்ளைக்கு என்ன இலக்கு?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி திறந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. முதல் மூன்று வகுப்புகளுக்கும் அடிப்படை மதிப்பீடு முடிந்து, யார் அரும்பு (முதல் வகுப்பு நிலை), யார் மொட்டு (இரண்டாம் வகுப்பு நிலை), யார் மலர் (மூன்றாம் வகுப்பு நிலை) என்று பார்த்தாயிற்று. அன்று மாலையே பள்ளி வாசலில் ஓர் அம்மா கேட்டார்: "மூணாவது படிக்கிற பிள்ளைக்கு அரும்புன்னு போட்டிருக்கீங்களே சார், பக்கத்து வீட்டுப் பிள்ளை மலராமே?" உங்களில் இன்னும் சிலருக்கும் இந்த மனக்குறை இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அரும்பு, மொட்டு, மலர் என்பது ரேங்க் இல்லை. இந்தப் பிரிவுகளைக் கொண்ட தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் வந்ததே கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை மீட்கத்தான். பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், அதற்கு எதுவரை தெரியுமோ அங்கிருந்து சொல்லித்தர வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அரும்பு என்றால், முதல் வகுப்பு வேலை கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, எதுவரை போக வேண்டும்? மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், 9999 வரை எண்களை அறிய வேண்டும் என்கிறது 2021-இல் தொடங்கிய மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம். இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு பிள்ளையை வாசிக்கச் சொல்லாதீர்கள். அது பெரியவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. ஆறு வயதுப் பிள்ளையிடம் "ஏப்ரலுக்குள்" என்றால் அதற்கு என்ன புரியும்? நாளைக்கு என்றால் புரியும், வெள்ளிக்கிழமை என்றால் புரியும்.

அதனால் இந்த ஆண்டு ஒரு பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கு ஒரே இலக்கு. அதையும் பிள்ளையிடம் பேசித்தான் முடிவு செய்கிறோம். ட, ப, ம மூன்றும் ஒரு பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அட்டையில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் 'படம்', 'பட்டம்' என்கிறது. படத்தை மூடிவிட்டால் திகைக்கிறது. எழுத்துக் கூட்டித் தானே வாசிப்பது அதன் இலக்கு. இன்னொருவன் புளியங்கொட்டை எண்ணும்போது கை பதின்மூன்றாம் கொட்டையில் இருக்கிறது, வாய் பதினேழுக்குப் போய்விடுகிறது. ஒரு கொட்டையை நகர்த்தினால் ஓர் எண், இப்படி 20 வரை எண்ணுவது அவன் இலக்கு. மூன்றாவது பிள்ளைக்குக் கொடுத்திருப்பது பாடமே இல்லை. "டீச்சர், தண்ணி குடிக்கப் போகணும்" என்று அவள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் தலையை மட்டும்தான் ஆட்டுகிறாள். என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் பெரிய இலக்கு.

எங்களுக்கும் இலக்கு உண்டு. கேள்வி கேட்டுவிட்டு, தானே விடையைச் சொல்லிவிடாமல் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும் என்று டீச்சர் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். கேட்க எளிதாகத்தான் இருக்கும். வகுப்பில் நின்று பார்த்தால்தான் அந்த ஐந்து நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும். என் இலக்கு, எமிஸ் (கல்வித்துறையின் இணையதளம்) பதிவேற்றம், முட்டைக் கணக்கு, எது வந்தாலும் முதல் பாடவேளையில் வகுப்பை விட்டு எழுந்து போகாமல் இருப்பது. ஈராசிரியர் பள்ளியில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்த நேரத்தில் நான் போனும் கையுமாக வெளியே நிற்பதைப் பார்த்தால் தாராளமாகக் கேளுங்கள்.

"வீட்டுப்பாடம் கொடுங்க சார்" என்று சிலர் விடாமல் கேட்கிறீர்கள். 1, 2 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2018-இல் சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக, "இந்த வாரம் உனக்கு என்னடா?" என்று கேட்டு, செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். முடித்தால் செல்போன் தருகிறேன் என்று ஆசை காட்ட வேண்டாம். பிறகு செல்போன்தான் இலக்காகிவிடும். "உங்க அக்கா இந்த வயசுல எப்படிப் படிச்சா தெரியுமா" என்ற பேச்சும் வேண்டாம். ஒரு வாரத்தில் முடியாவிட்டால் அடுத்த வாரமும் அதே இலக்குதான். அப்போதும் முடியாவிட்டால், இலக்கை நாங்கள் பெரிதாக வைத்துவிட்டோம் என்று அர்த்தம். அதைப் பாதியாகக் குறைப்பது எங்கள் வேலை, பிள்ளை மேல் தப்பில்லை.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். குழுவில் இல்லாதவர்களும் வரலாம். வேலைக்குப் போகிறவர்கள் அன்று காலை, பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் வந்தால் போதும், நான் இருப்பேன். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுவோம். தன் இலக்கு என்ன என்பதை முதலில் அதுவே சொல்லட்டும். அப்புறம் நாங்கள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி